அவர் போட்டுட்டார்

பரிசோதனைத் தாளில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. பூஜ்யம்.

“ரெண்டு தவணை கொரோனா தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி துளிகூட உருவாகலம்மா,” என்றார் டாக்டரம்மா.

மாஸ்டரின் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து நாற்காலியில் மாஸ்டர்தான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். யார் யாரோ பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதெல்லாம் அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்.

மனைவிக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு பொத்தான் போடக்கூட முடியாமல் கிடந்தவளை எழுப்பி நடமாட விட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்துதான். இப்போது அதுவே குறுக்கே நிற்கிறது.

“உங்க மூட்டைக் கெடுக்கறதுல ரத்தத்துல இருக்கற பி செல்லுக்குப் பங்கு இருக்கு. அதனால இந்த மருந்து அதைத் துடைச்சு எடுத்துடுது. ஆனா ஆன்டிபாடி செய்யறதுக்கும் அதுதான் வேணும். ஆளே இல்லாத பட்டறைல ஆர்டர் குடுத்துட்டு வந்த மாதிரி ஆயிடுச்சு.”

மனைவி லேசாகச் சிரித்தாள்.

வேறு செல்கள் கொஞ்சம் காவல் காக்கும் என்றார் டாக்டரம்மா. அடுத்த முறை மருந்து ஏற்றுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, அதற்கு முன்னால் இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம். அதுவரை வீட்டில் இருப்பவர்கள்தான் அவளுக்கு வேலி.

“சார் போட்டுட்டார்ல?”

“போட்டுட்டார்,” என்றாள் மனைவி, அவர் வாயைத் திறப்பதற்குள்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

மாஸ்டர் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தவணை அன்று வரிசையில் அவளுக்குப் பின்னால்தான் நின்றார். அவள் கையை நீட்டியதையும் ஊசி உள்ளே போனதையும் பார்த்தார். காது அடைத்தது. ஆண்களுக்கு அந்தப் பக்கம் என்று யாரோ சொன்னதே சாக்காகப் போயிற்று. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார். வலிக்கிறதா என்று அவள் கேட்டாள். எறும்பு கடித்த மாதிரிதான் என்றார். இரண்டாவது தவணைக்கும் அதே டீக்கடை.

மூன்று மாதம். தினமும் ஏழெட்டுப் பேர், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து இருமினார்கள், தும்மினார்கள். அத்தனை பேர் மூச்சையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டினார். இப்போது விட்டால் இனி சொல்லவே மாட்டோம் என்று அவருக்குப் பட்டது.

“நான் போட்டுக்கல டாக்டர். ரெண்டுமே. ஊசின்னா... பயம்.”

ஐம்பத்தாறு வயதில் அதைச் சொல்ல நாக்கு கூசியது. மனைவி பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. மேஜை விளிம்பில் பெயர்ந்திருந்த தகட்டை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. எதிர் அறையிலேயே போடுவார்கள், பயமாக இருந்தால் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம் என்றார். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“ஆனா ரெண்டு தவணையும் முடிஞ்சு அது வேலை செய்ய நாள் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல படுக்காதீங்க.”

“மூணு மாசமா நான் ஹால்லதான் படுக்கறேன் டாக்டர்,” என்றாள் மனைவி, தாளை நாலாக மடித்தபடி.

அவரிடம் அவள் குறட்டையைத்தான் காரணம் சொல்லியிருந்தாள்.