பெரியப்பா மாற்றிய பாட்டு

மதிய வெயில் கேன்டீன் மேசைகளில் சதுரம் சதுரமாக விழுந்து கிடக்கிறது. வேகமான பாட்டு ஓடினால் ஆட்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள் என்று அடித்துச் சொல்லும் ஆராய்ச்சி மாணவி, ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு சாரா மாறி, அதாவது காரணம்; கரண்டியின் வேகம் சார்ந்த மாறி, அதாவது விளைவு. அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வாசலில் கூட்டம் முண்டியடிக்கிறது. கல்லாவில் நிற்கும் அவளுடைய பெரியப்பா நிமிர்ந்து பார்க்கிறார், மெல்லிசையை நிறுத்தித் துள்ளல் பாட்டு ஒன்றைத் தட்டிவிடுகிறார். அவளுக்குச் சுருக்கென்கிறது. "ஏன் பெரியப்பா மாத்துனீங்க?" "கூட்டத்தைப் பார்த்தா கை தானா அங்க போயிடும்மா." அப்படியானால் பாட்டே கூட்டத்தைச் சார்ந்துதான் மாறியிருக்கிறது, இடத்துக்காக முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் கரண்டி எப்படியும் பறக்கத்தானே செய்யும்? அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து பாட்டுப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "இனிமே கூட்டமோ காலியோ, எந்தப் பாட்டுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." நெரிசலுக்கு நடுவே ஒரு தாலாட்டு மிதக்கிறது. கரண்டிகள் சற்றும் அசரவில்லை, அதே பறப்பு. கல்லா மேசையைத் துடைக்கும் பெரியப்பாவின் கை மட்டும் மெல்ல மெல்லத் தொட்டில் ஆட்டுகிறது.