பிக்கப் கேட்ட மாமியார்

"இதுல பிக்கப் பத்தாது" என்று மூன்றாவது காரையும் ஒதுக்கினாள் மாமியார்.

பழைய கார் விற்பவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. இந்த வயதில் வருகிற பெண்கள் ஏறி இறங்க வசதியா என்றுதான் கேட்பார்கள். இந்த அம்மாவோ பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி எப்படிப் பாயும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பையன் பெரிய வேலையில இருக்கான். அவனுக்கு வேகம்னா உயிர்" என்று காரணமும் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அப்படிச் சொல்லவே இல்லை. வேலை விஷயமாக வெளியூர் கிளம்பும்போது, குடும்பத்துக்கு ஏற்றதாக, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்காததாக ஒரு வண்டி வாங்கி வை, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவன் 'பார்க்கிறேன்' என்று சொன்னாலே அவளுக்குப் பயம்தான். தேர்ந்தெடுக்கும் வேலையை அவள் தலையில் கட்டுவான், பிறகு உட்கார்ந்து அதில் குறை கண்டுபிடிப்பான். போன முறை ஜன்னல் திரையின் நிறம் பிடிக்கவில்லை. அதன் பிறகு பல நாள் அவளால் இடது கையில் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. பக்கத்து அறையில் இருந்த மாமியார் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

திரைக்கே அந்தப் பாடு என்றால் காருக்கு?

"அத்தை, அவரு மைலேஜ்தான் முக்கியம்னு..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

விற்பவர் அவர்களை மூலையில் நின்ற ஒரு சிவப்புக் காரிடம் கூட்டிப்போனார். சின்ன வண்டிதான். ஆனால் பின்னால் இறக்கை, கறுப்புச் சக்கரம், முறைக்கிற மாதிரி முகப்பு விளக்கு. பார்க்கத்தான் பந்தய வண்டி, பெட்ரோல் விஷயத்தில் பரம சாது என்றார். பின் சீட்டை மடக்கினால் ஒரு பீரோவையே ஏற்றலாம் என்று மடக்கியும் காட்டினார்.

மாமியார் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். தினமும் ஓட்டினால் ஒரு சின்னச் சம்பளத்தில் கட்டுப்படியாகுமா என்று கேட்டாள். மகன் பெரிய வேலையில் இருக்கிறான் என்று இப்போதுதானே பீற்றிக்கொண்டாள், அதற்குள் என்ன கஞ்சத்தனம் என்று விற்பவர் நினைத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் மாமியார் மருமகளைக் கை காட்டினாள். கல்யாணத்துக்கு முன்பு மருந்துக் கம்பெனியின் வேனை ஊரெல்லாம் ஓட்டியவள்தான் அவள். அந்த வேலையை விடச் சொன்னது அவன்.

முதல் திருப்பம் வரை வண்டியை மெதுவாக உருட்டினாள். அப்புறம் கால் தானாகவே கிளட்ச்சைக் கண்டுகொண்டது. முன்னால் ஊர்ந்த பஸ்ஸை ஒரே மூச்சில் தாண்டியபோது, பின் சீட்டில் இருந்த விற்பவர் கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றாள் மாமியார்.

அந்த ரோடு முடிகிற வரை மருமகள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். திரும்பி வந்து சாவியைத் திருகி இன்ஜினை அணைத்ததும் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. சிவப்பு. யாருக்குக் காட்ட இந்தச் சிவப்பு என்று கேட்பான். பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம்.

மாமியார் பேரம்கூடப் பேசவில்லை. மகன் தன்னிடம் விட்டுப்போன பணத்தை அப்படியே எடுத்துக் கட்டினாள்.

"வண்டி உங்க பையன் பேருக்குத்தானேம்மா?" என்று விற்பவர் பேனாவை எடுத்தார்.

"வேண்டாம், இவ பேருலயே போடுங்க. நாளைக்கு எங்கயாவது இடிச்சு ஃபைன் வந்தா இவளே கட்டட்டும். செலக்ட் பண்ணது இவதானே?"

மருமகள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவளை வாயைத் திறக்க விடவில்லை. இப்போது பழியை மட்டும் முழுசாக அவள் பேரில் எழுதியாகிறது. விற்பவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார், மாமியாரை இப்படியும் ஒரு ஜென்மமா என்று பார்த்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் மருமகள் கையெழுத்துப் போட்டாள்.

வழியில் டேங்க்கை நிரப்பச் சொன்னாள் மாமியார். மருமகள் அதற்கும் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், ஒரு பஸ் நிறுத்தத்தின் முன்னால் மாமியார் ஓரம் கட்டச் சொன்னாள். வண்டி நின்றதும் தான் மட்டும் இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

மருமகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள்.

"அத்தை, இதைப் பார்த்தா அவரு என்னைச் சும்மா விட மாட்டாரு. இப்பவே திருப்பிக் குடுத்துடலாம்."

மாமியார் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மருமகளின் இடது மணிக்கட்டைத் தொட்டாள்.

"உங்க அக்காகிட்ட நேத்தே பேசிட்டேன். காத்துக்கிட்டிருக்கா. நேரா அங்க போ."

"அவரு வந்து கேட்டா?"

"பெத்த பாவத்துக்கு நான் இருக்கேன், நீ போயிடும்மா."