பதினேழாம் எண்

"சார், மூணு மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. அரை நாள் லீவு குடுங்க."

காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டாள் அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸின் சீனியர் குமாஸ்தா. பச்சை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு வயசுல பிரெஞ்சு எம்.ஏ. படிச்சு என்னம்மா கிழிக்கப் போறீங்க? மூணு மணிக்கு எனக்கே முக்கியமான மீட்டிங் இருக்கு. ஆபீஸை யார் பார்க்கிறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆன்லைன் வகுப்பில் கடிதப் பயிற்சிக்கு அவளோடு ஜோடி சேர்த்துவிட்ட பதினேழாம் எண் மாணவரும் மனிதர்தானே! பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் லீவு தராத மேனேஜரைப் பற்றி ஆறு மாதமாக அவள் பிரெஞ்சில் புலம்பியதற்கெல்லாம், "அந்த ஆளுக்கு மனசாட்சியே இல்லையா? என்னிடம் வேலை பார்த்திருந்தால் கேட்டவுடன் லீவு கொடுத்திருப்பேன்" என்று வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதியவர். தேர்வில் இன்று அந்தப் புண்ணியவானோடுதான் பேச வேண்டும்.

மூன்று மணிக்கு ஃபைல் அறைக்குள் நழுவி, கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனை ஒரு ஃபைல் கட்டின்மேல் சாய்த்து வைத்தாள்.

"இருவரும் கேமராவைப் போடுங்கள்" என்றார் தேர்வாளர்.

திரையில் பதினேழாம் எண் தெரிந்தார். அவருக்குப் பின்னால் அதே பச்சை அலமாரி.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"தலைப்பு, உங்கள் அலுவலகம். யார் முதலில் பேசுகிறீர்கள்?"

"நான்!" என்று முந்திக்கொண்டாள் அவள்.