கூடையில் நிற்காத கடிகாரம்

"எவனோ வேணும்னே விளையாடுறான்மா!" கடைக்காரர் மேஜையைத் தட்டினார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? நல்ல வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் சுவர்க் கடிகாரக் கடை திறந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்றுகூட விற்கவில்லை. இந்த மாதமும் போணி ஆகாவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார்.

போதாக்குறைக்கு மாமனார் வேறு. சாப்பிட வந்து உட்கார்ந்தால் போதும், "என்ன மாப்பிள்ளை, கடை ஓடுதா, இல்ல கடிகாரம் மட்டும்தான் ஓடுதா?" என்பார்.

இந்த லட்சணத்தில் யாரோ ஒரு ஆள் தினமும் வெப்சைட்டுக்கு வருகிறார். மணிக்கொரு தரம் குருவி எட்டிப் பார்க்கும் கடிகாரத்தைக் கூடையில் போடுகிறார். வாங்காமல் போய்விடுகிறார்.

"விளையாட்டு இல்ல சார்," என்றாள் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண். "வர்றவங்களை ஞாபகம் வெச்சுக்க, அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம சைட் ஒரு துண்டுச் சீட்டு மாதிரி வெச்சுட்டு வரும். அதுதான் குக்கீ. இவர் அதைத் தடுத்து வெச்சிருக்கார். அடுத்த பக்கம் போனதும் கூடை காலியாயிடுது. பாவம், மறுபடி மறுபடி போட்டுப் பாக்கறார்."

"பாவமாவது, புண்ணியமாவது! ஒளிஞ்சு மறைஞ்சு வர்றவன் யோக்கியனா இருப்பானா? போட்டிக் கடைக்காரன் வேவு பாக்கறான். 'குக்கீயைத் தடுக்கிறவங்களுக்கு இங்கே வேலையில்லை'ன்னு பெருசா எழுதிப் போடு!"

அவள் எழுதித்தான் போட்டாள். ஆனால் வேறு மாதிரி. 'மன்னிக்கவும். உங்கள் கம்ப்யூட்டர் குக்கீயைத் தடுப்பதால் கூடையில் பொருள் நிற்கவில்லை. ஃபோன் செய்யுங்கள், நாங்களே ஆர்டர் எடுத்துக்கொள்கிறோம்.' கீழே தன்னுடைய நம்பர்.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கத்த வாயைத் திறக்கவும், அவள் ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, அந்தக் குருவிக் கடிகாரம் ஒண்ணு வேணும். நாலு நாளா முட்டி மோதறேன், கூடையில நிக்க மாட்டேங்குதே!"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார்!

"கடைக்காரர் பக்கத்துல இல்லியே?" என்றது ஃபோன்.

கடைக்காரர் பலமாகத் தலையை ஆட்டினார். "இல்ல சார்," என்றாள் அவள்.

"அவர் என் மாப்பிள்ளைதாம்மா. நான் வாங்கினேன்னு தெரிஞ்சா, இரக்கப்பட்டு வாங்கினதா நினைச்சு மனசு விட்டுடுவார். என் சிநேகிதன் பேர்ல பில் போட்டு அவன் வீட்டுக்கே அனுப்பிடு. முதல் போணி யாரோ முன்பின் தெரியாதவங்க பண்ணினதா இருக்கட்டும்."

சரியென்று சொல்லும்படி கடைக்காரர் அவளுக்குக் கையைக் காட்டினார்.

"அனுப்பிடறோம் சார். அடுத்த தடவை நீங்களே சுலபமா வாங்கலாம், குக்கீயை மட்டும் திறந்து விட்டுடுங்க. அதை யார் தடுத்து வெச்சது?"

"வேற யாரு? எங்க மாப்பிள்ளைதான்! 'கண்டவனும் உள்ள நுழைஞ்சுடுவான் மாமா'ன்னு அவர்தான் எல்லாத்தையும் இழுத்துப் பூட்டிக் குடுத்தார்!"