வாசல் படிகாரம்

சலூன்காரர் ஒரு படிகாரக் கட்டியைச் சுத்தியலால் இரண்டாக உடைத்தார். பெரிய துண்டைத் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டார். சின்னதைக் கண்ணாடிக்கு முன்னால் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பெரியதற்குக் குங்குமமும் சாம்பிராணியும் கிடைத்தன.

"உள்ளே நீ என்னதான் பண்றே?" என்று பெரியது கேட்டது.

"சவரம் முடிஞ்ச கன்னத்துல என்னைத் தேய்ப்பாங்க. எரியுதுன்னு கத்துவாங்க. அப்புறம் ரத்தம் நின்னுடும்."

"எப்படி நிக்குது?"

"அதான் எனக்கும் புரியல. ஆமா, உன்மேல கண்ணு பட்டா எப்படி இருக்கும்?"

பெரியது யோசித்தது. "இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா என்னாலதான் கடை ஓடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

தேயத் தேயச் சின்னது புளியங்கொட்டை அளவாகி, ஒருநாள் கிண்ணத்தில் விழுந்து கரைந்தே போனது. அன்றைக்குப் பார்த்து, பெண் பார்க்கப் புறப்பட்ட ஒருவருக்கு மோவாயில் கத்தி பட்டுவிட்டது. ரத்தம் புதுச் சட்டைக் காலரை நோக்கி இறங்கியது. சலூன்காரர் வாசலுக்கு ஓடிக் கயிற்றை அறுத்தார். பெரியதன் குங்குமத்தைக் கழுவிவிட்டு மோவாயில் அழுத்தினார்.

"ஐயோ, எரியுதே!" என்று அலறினார் மாப்பிள்ளை. ரத்தம் நின்றது.

பெரியதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சலூன்காரர் புதுக் கயிறு கட்டி, குங்குமம் வைத்து, அதைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். அன்றிலிருந்து கடைக்குள் நுழைகிற ஒவ்வொரு மோவாயின் மேலும் அது கண் வைக்கத் தொடங்கியது.