சாம்பல்தீவுப் பாலத்தில் ஒயில் பார்த்தல்

சாம்பல்தீவுப் பாலத்தின் தொடக்கத்தில், உச்சி வெயிலில், பெரிய ஜீப் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. உதவி கேட்டுக் கைகாட்டிய இரண்டு வாகனங்களும் நிற்காமல் போய்விட்டன. தினமும் விடிந்ததும் தண்ணீரும் ஒயிலும் பார்த்தபிறகே வண்டியை எடுக்கும் ஜெயரூபன், இன்று மகளுக்கு மூச்சிழுப்பு வந்த பதற்றத்தில் பார்க்காமலே எடுத்துவிட்டான். இப்போது பொனட்டைத் தூக்கி, ஒயில் அளக்கும் கம்பியை உருவுகிறான். கம்பி நெடுக பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை. ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இனி ஓட்டினால் இஞ்சின் இறுகிச் செத்துப்போகும். ஊர் பார்க்க வரும் வெள்ளைக்காரரை ஏற்றியிறக்கி அவன் குடும்பம் சீவிப்பது இந்த ஒரு வண்டியில்தான்.

பின்சீற்றில் ஐந்து வயதுக் கவிஷாவின் நெஞ்சு விசிலடிக்கிறது. உதடு நீலம் பாய்கிறது.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு," என்று மனைவி நிருஜா கதறுகிறாள். "வண்டி ஓடுமோ?"

துறைமுகத்தடி ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றருக்கு மேல். அவன் கம்பியைச் செருகுகிறான்.

"ஓடும். பிள்ளையை நிமிர்த்திப் பிடி."

பொனட்டை அறைந்து மூடிச் சாவியைத் திருகுகிறான். பாலத்தின் நடுவிலேயே இஞ்சின் சம்மட்டியால் அடிப்பதுபோலத் தட்டத் தொடங்குகிறது. ஜெயரூபன் காலை எடுக்கவில்லை, இன்னும் அழுத்துகிறான்.