வந்தான்னு சொல்லு

ஷெரிஃப் அலுவலகத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். ஷெரிஃப் ஹார்லன் பீக். வாக்குமூலம் எழுத வந்த மிஸ் காப். அன்று காலை செத்துப்போன வெர்னாவின் மகள் ஓலா மே, வயது ஆறு. அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்த சித்தப்பா ரஃபஸ் டில்லார்ட். தரையில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, சட்டை முழுக்க வெர்னாவின் ரத்தத்தோடு விறகுக்கார எல்பர்ட். அவர் ஒருவர்தான் கறுப்பர்.

பிடித்த இடத்திலேயே அடித்ததில் எல்பர்ட்டுக்கு இரண்டு பற்கள் போயிருந்தன. இடது கண் வீங்கி மூடிவிட்டது.

வெளியே, அலபாமாவின் ஆகஸ்ட் வெயிலில், நாற்பது பேர் கயிறும் கோடாரிக் காம்புமாக நின்றார்கள். ஷெரிஃப் அவர்களிடம் பேசி முடித்திருந்தார். குழந்தை இவன் இல்லை என்று சொன்னால், நீதிபதி வரும்வரை ஆள் லாக்கப்பில் இருப்பான். இவன்தான் என்றால், அவர் குறுக்கே நிற்க மாட்டார்.

"என்ன ஹார்லன், பாப்பா படிச்சுப் பட்டம் வாங்கிட்டு வந்து சொல்லுமா?" என்றது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல். "கயிறு இத்துப் போயிடும்யா."

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஷெரிஃப் குழந்தையின் முன்னால் மண்டியிட்டார்.

"பயப்படாத கண்ணு. காலையில உங்க வீட்டுக்கு வந்தானே, அதச் சொல்லு."

ஓலா மே சித்தப்பாவை அண்ணாந்து பார்த்தாள். ரஃபஸ் அவள் தோளில் கை வைத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. வேற பேச்சு வேணாம்."

"வந்தாரு" என்றாள்.

மிஸ் காப்பின் பென்சில் நின்றது. ஷெரிஃபின் கழுத்து சிவந்தது.

"வந்தாரு இல்ல பாப்பா. வந்தான். வந்தான்னு சொல்லு."

"பெரியவங்கள அப்படிச் சொன்னா அம்மா சோப்பு போட்டு வாயக் கழுவிடுவாங்க."

"இவனுங்கெல்லாம் பெரியவங்க இல்ல. இவனுங்களுக்கு எத்தன வயசானாலும் அவன்தான்."

"வெர்னா அப்படித்தான் ஷெரிஃப்" என்றார் ரஃபஸ். "வாசலுக்கு வர்ற எல்லாருக்கும் மரியாத குடுப்பா. அதுதான் அவளக் கொன்னுச்சு."

"சரி. எந்தப் பக்கமா வந்தான்?"

"முன்வாசல் வழியா."

ஷெரிஃப் எழுந்தார். "முன்வாசல். திமிரப் பாத்தியா ரஃபஸ்."

எல்பர்ட் தலையைத் தூக்கினார். "ஐயா, பதினோரு வருஷமா அங்க விறகு போடுறேன். அந்த முன்வாசல்ல என் காலு பட்டதில்லங்க. பின்பக்கம் வந்தேன். அம்மா கெடந்தாங்க. தூக்குனேன். அவ்வளவுதாங்க."

ஷெரிஃபின் பூட்ஸ் அவர் வாயில் இறங்கியது. மூன்றாவது பல் பலகைத் தரையில் உருண்டு மிஸ் காப்பின் நாற்காலியடியில் நின்றது. மிஸ் காப் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்புறம் என்னாச்சு, கண்ணு?"

"அம்மா முடியாதுன்னாங்க. வெளிய போகச் சொன்னாங்க. அடுப்புக் கம்பிய எடுத்தாரு."

"எடுத்தான்."

"எடுத்தான்" என்று ஓலா மே திருத்திக்கொண்டாள். பிறகு தடுமாறவில்லை. பள்ளியில் ஒப்பிப்பதைப் போல வந்தது. "அடிச்சான். மூணு தடவ அடிச்சான். அம்மா விழுந்துட்டாங்க. விழுந்தப்புறமும் அடிச்சான்."

ஜன்னலுக்கு வெளியே அது கேட்டுவிட்டது. கோடாரிக் காம்புகள் கதவில் இடிக்க ஆரம்பித்தன. மேசைமேல் இருந்த மைக்கூடு குலுங்கியது.

"ஷெரிஃப்" என்றார் மிஸ் காப் மெல்ல. "இவன்தானான்னு ஒரு வார்த்த கேட்டுடலாமே."

"எதுக்கு? நம்ம ஆளா இருந்தா அவன், இவன்னு சொல்லுமா இந்தக் குழந்த? வெர்னா எப்படி வளத்திருக்கான்னு பாத்தீங்கல்ல."

மிஸ் காப் யோசித்தார். சரியாகத்தான் பட்டது. தாளின் அடியில் தேதியை எழுதினார்.

"கேளுங்கய்யா" என்றார் எல்பர்ட். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் சேர்ந்து ஒழுகியது. "ஒரே ஒரு தடவ பாப்பாவக் கேளுங்கய்யா. எனக்கும் வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க."

யாரும் கேட்கவில்லை. ஷெரிஃப் அவர் காலரைப் பிடித்து இழுத்தார். எல்பர்ட் மேசைக்காலில் தன் காலைப் பின்னிக்கொண்டார். ரஃபஸ் வந்து அவர் முழங்காலில் மிதித்தார். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. கால் தானாக விடுபட்டது.

"உன் பிடிவாதத்த அவங்ககிட்ட காட்டு" என்றார் ரஃபஸ்.

கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. பத்துப் பதினைந்து கைகள் எல்பர்ட்டை உள்ளிருந்து உருவிக்கொண்டன. ஷெரிஃப் கதவை அறைந்து சாத்தினார். தாழ் போட்டார், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

கொஞ்ச நேரம் அலறல் கேட்டது. பிறகு கட்டையடி விழும் சத்தம் மட்டும்.

ரஃபஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓலா மே அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தப்பா, இனிமே உங்கள அவன்னுதான் சொல்லணுமா?"